ராக்கெட் கடைந்தவர் மாநாடு பார்க்கவில்லை

போன இதழில் ஒரு வாசகர், "உங்களுக்குப் பிடித்த விருது எது?" என்று கேட்டிருந்தார். ஆஸ்கரும் இல்லை, நோபலும் இல்லை, விஞ்ஞானக் கதை ரசிகர்கள் தங்கள் மாநாட்டில் கொடுக்கிற ஹ்யூகோ ராக்கெட்தான் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் 'அது என்னய்யா ராக்கெட்' என்கிறார்கள். மீதிப் பேர் எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டே வம்புக்கு இழுக்கிறார்கள். சரி, இந்த முறை வேறு பேச்சே வேண்டாம், இதையே பேசித் தீர்த்துவிடலாம்.

கேள்வி: ஹ்யூகோ விருது என்று பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன், புத்தக அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிலை எப்படி இருக்கும், யார் செய்தது, தங்கமா வெள்ளியா? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. பழைய படக்கதைகளில் வருமே, நடுவில் கொஞ்சம் பருத்து நுனியில் கூராகி, அடியில் துடுப்புகளை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் ராக்கெட், அதேதான். முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்கும். கீழே ஒரு பீடம் இருக்கும், அந்தப் பீடத்துக்கு வேறு கதை உண்டு, அப்புறம் வருகிறேன்.

யார் செய்தது என்று கேட்டீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1953-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 11-வது உலக விஞ்ஞானக் கதை மாநாடு நடந்தது. வேர்ல்ட்கான் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1939-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த மாநாடு, போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை மட்டும் நடக்கவில்லை. நடத்துவது எந்தக் கம்பெனியும் இல்லை, ரசிகர்களே பணம் போட்டு, ரசிகர்களே நாற்காலி தூக்கிப் போட்டு நடத்துகிற கூட்டம். அந்த வருடம் ஹால் லிஞ்ச் என்ற ரசிகர், சினிமாக்காரர்களுக்கு ஆஸ்கர் இருக்கிறதே, நம் எழுத்தாளர்களுக்கும் நாம் ஏதாவது கொடுத்தால் என்ன என்று கேட்டுவைத்தார். எல்லோருக்கும் யோசனை பிடித்துப்போனது. பிடித்துப்போனதோடு சரி, பரிசை யார் செய்வது? மாநாடு நெருங்கிவிட்டது, கையில் ஒன்றும் இல்லை. அப்போது முன்வந்தவர் ஜாக் மெக்நைட். கடைசல் பட்டறை வேலை நன்றாகத் தெரிந்தவர், அவரும் ரசிகர். துருப்பிடிக்காத எஃகை லேத்தில் போட்டு ஒவ்வொரு ராக்கெட்டாகக் கடைந்தார்.

எஃகில் கடைவது ஒன்றும் வெண்ணெயில் கத்தி இறக்குகிற காரியம் இல்லை. உளி சூடேறும், சுருள் சுருளாகச் சீவல் கழன்று வந்து கையைக் கிழிக்கும், கொஞ்சம் அவசரப்பட்டால் பரப்பில் கோடு விழுந்துவிடும், அந்தக் கோட்டைத் தேய்த்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும். உடலையாவது லேத் உருட்டிக் கொடுத்துவிடும், துடுப்புகளைத் தனியாகச் செய்துதான் ஒட்ட வேண்டும், அந்த எஃகில் ஈயப்பற்று சுலபத்தில் பிடிக்காது. ஒரு துடுப்பு கோணலாக உட்கார்ந்தால் ராக்கெட் சாய்ந்து நிற்கும். இதையெல்லாம் மனுஷன் மாநாடு தொடங்கிய பிறகும் செய்துகொண்டிருந்தார். தனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவர் பட்டறையில். பெரும்பகுதி மாநாட்டை அவர் பார்க்கவே இல்லை. அந்த வருடம் சிறந்த நாவலுக்கான ராக்கெட்டை வாங்கியவர் ஆல்ஃப்ரெட் பெஸ்டர். அவர் பெயர் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. மெக்நைட் பெயரைக் கொஞ்சம் தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனால் ஓர் இடத்தில் அழியாமல் இருக்கிறது, அதையும் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று. மெக்நைட்டின் மகள் பெகி ரே அப்போது சின்னப் பெண். 1998-ல் பால்டிமோரில் நடந்த வேர்ல்ட்கானுக்கு அவர்தான் தலைமை. அப்பா கடைந்த ராக்கெட்டின் வாரிசுகள் மகள் நடத்திய மாநாட்டு மேடையில் கைமாறின.

கேள்வி: பரிசுத் தொகை எவ்வளவு?

பதில்: ஒரு பைசா கிடையாது.

கேள்வி: ஹ்யூகோ சிலையே ஒரு கார் பொம்மையைப் பார்த்துச் செய்ததுதான் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். பந்தயம் கட்டியிருக்கிறோம். தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: பந்தயப் பணத்தை மாமாவிடமே கொடுத்துவிடுங்கள். முழுக்க இல்லாவிட்டாலும் முக்கால்வாசி அவர் பக்கம்தான் நியாயம்.

ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் என்ற கார் கொடிகட்டிப் பறந்தது. அதில் 'ராக்கெட் 88' என்று ஒரு மாடல், அதன் பானட் மேல் மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு குட்டி ராக்கெட் இருக்கும், பளபளவென்று. அந்தக் காலத்தில் ராக்கெட் என்றால் வேகம், எதிர்காலம், எல்லாம் அதுதான், கார் விற்கவும் அதுதான். விருது பற்றிப் பேசியவர்கள் மனதில் அந்த உருவம் இருந்தது உண்மை.

1953-ல் கொடுத்தார்களா, 1954-ல் கொடுக்கவில்லை. ஒரு தடவைக் கூத்தாகவே அது முடிந்திருக்க வேண்டியது. 1955-ல் கிளீவ்லாந்தில் மாநாடு நடத்தியவர்கள்தான் மறுபடியும் கொடுக்கலாம் என்று எடுத்தார்கள். ராக்கெட் யார் செய்வார்கள் என்ற பழைய தலைவலி திரும்பி வந்தது. கூட்டத்தில் ஒருவர், எதற்குக் கஷ்டப்பட வேண்டும், ஓல்ட்ஸ்மொபீல் பொம்மையையே வாங்கி ஒரு கட்டையில் நட்டுவிடலாமே என்றார். நல்ல யோசனைதான், சல்லிசும்கூட. ஒன்றை வாங்கிப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் குடைவாக இருக்கிறது! பானட் மேல் படுக்கவைத்து முடுக்குவதற்காகச் செய்த சாமான், மேலிருந்து பார்க்கத்தான் ராக்கெட், அந்தப் பக்கம் வெறும் ஓடு. நிற்கவைத்தால் மேடையில் இருப்பவருக்கு ராக்கெட்டும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் குழியும் தெரியும். பிறகு பென் ஜேசன் என்பவர் புதிதாக ஒரு வடிவம் வரைந்து வார்ப்படப் பட்டறையில் கொடுத்துச் செய்யவைத்தார். இன்று வரை நாம் பார்க்கிற ஹ்யூகோ ராக்கெட்டின் முகஜாடை அவர் வரைந்ததுதான்.

மாமாவுக்கு ஏன் முக்கால் மார்க் என்றால், அடுத்த வருடம், 1956-ல், நியூயார்க் மாநாட்டில் நிஜமாகவே கார் பொம்மையையே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். குடைவாவது ஒன்றாவது!

கேள்வி: யார் அந்த ஹ்யூகோ? விக்டர் ஹ்யூகோவா?

பதில்: இல்லை, இவர் பிரெஞ்சு நாவலாசிரியர் இல்லை. ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக். லக்ஸம்பர்கில் 1884-ல் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். ரேடியோப் பைத்தியம், பத்திரிகைப் பைத்தியம் இரண்டும் சேர்ந்தவர். 1926-ல் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்று விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். வாசகர் கடிதங்களை முகவரியோடு போட்டார். அந்த முகவரிகளைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கி, சங்கம் வைத்து, கடைசியில் மாநாடு வரைக்கும் வந்தார்கள். ஆக, ரசிகர் கூட்டத்துக்கு அவர் ஒரு வகையில் பெரியப்பா முறை. விருதின் அதிகாரப் பெயர் ரொம்ப காலம் 'விஞ்ஞானக் கதைச் சாதனை விருது' என்று நீளமாகத்தான் இருந்தது. வாயில் நுழைந்தது ஹ்யூகோதான். செல்லப்பெயரே நின்றுவிட்டது.

ஆனால் எழுதுகிறவனுக்குக் காசு கொடுப்பதில் பெரியவருக்குக் கை வராது. அவருடைய பத்திரிகையில் 1927-ல் அமானுஷ்யக் கதைக்காரர் லவ்கிராஃப்டின் பெரிய கதை ஒன்று வந்தது, சம்பளம் 25 டாலர், அதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. லவ்கிராஃப்ட் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஹ்யூகோ என்ற எலி'. இந்த லவ்கிராஃப்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இவரும் பின்னால் ஒரு சிலையாகப் போகிறவர்.

1960-ல் கெர்ன்ஸ்பாக்குக்கே ஒரு சிறப்பு ஹ்யூகோ கொடுத்தார்கள். தன் பெயரைத் தானே வாங்கிக்கொண்ட மனிதர்!

கேள்வி: ஒவ்வொரு வருடமும் சிலை வேறு மாதிரி தெரிகிறதே? போலியா?

பதில்: பயப்படாதீர்கள். ராக்கெட் ஒன்றுதான், பீடம்தான் வருடா வருடம் மாறும். அந்த வருட மாநாட்டுக் குழு யாராவது ஒரு கலைஞரிடம் பீடத்தை விட்டுவிடும், அவர் தன் ஊரையும் தன் ஆசையையும் அதில் கொட்டுவார். 1976-ல் டிம் கிர்க் செய்த பீடத்தில் ஒரு டிராகன் ராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். 1992-ல் ஆர்லாண்டோவில் நடந்தபோது, பக்கத்திலேயே கேப் கனாவெரல் இருக்கிறதே, அங்கே ஏவுதளக் கோபுரத்தில் இருந்து எடுத்த இரும்புத் துண்டைப் பீடத்தில் வைத்தார்கள். பொம்மை ராக்கெட்டின் காலடியில் நிஜ ராக்கெட் புறப்பட்ட இடத்தின் இரும்பு. இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்துவிட முடியாது என்று நினைத்திருந்தேன், 2007-ல் யோகஹாமா மாநாட்டுச் சிலையைப் படத்தில் பார்க்கும் வரை: பின்னால் ஃபுஜி மலை, ராக்கெட்டுக்குப் பக்கத்தில் ராக்கெட் உயரத்துக்கே ஜப்பானிய டிவி நாயகன் அல்ட்ராமேன் நிற்கிறார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். விருதுச் சிலை என்றால் விறைப்பாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

விதிவிலக்கும் உண்டு. 1958-ல் ராக்கெட்டே இல்லை, பலகை மாதிரி ஒரு கேடயம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வருடம் ஜெயித்தவர்கள் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன்.

ராக்கெட்டை இப்படி ஒரே வார்ப்பாக வைத்திருந்ததற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பீட்டர் வெஸ்டன், இங்கிலாந்துக்காரர், பர்மிங்ஹாம். ரசிகர் பத்திரிகை நடத்தியவர், 1979-ல் பிரைட்டனில் நடந்த வேர்ல்ட்கானின் தலைவர். பிழைப்புக்குக் கார் உதிரிபாகத் தொழில், கதவுக் கைப்பிடி மாதிரியான சாமான்களை வார்த்து மெருகேற்றிப் பூச்சுப் பூசுகிற வேலை. அந்தத் தொழிலை நன்றாக அறிந்தவருக்கு ராக்கெட் ஒரு பெரிய கதவுக் கைப்பிடிதானே? 1984-லிருந்து ஏறத்தாழ எல்லா வருட ராக்கெட்டும் அவர் மூலம்தான் வந்தது, 2017-ல் அவர் இறக்கும் வரை. கார் பானட்டில் ஆரம்பித்த கதை கார்க் கதவில் வந்து நின்றதைக் கவனித்தீர்களா?

கேள்வி: நான் ஒன்று செய்து என் மேஜையில் வைத்துக்கொண்டால் என்ன? எங்கள் வாசகர் வட்டத்தில் வருடா வருடம் 'ஹ்யூகோ' என்ற பெயரிலேயே ஒரு பரிசு கொடுக்கவும் எண்ணம்.

பதில்: பெயரை விட்டுவிடுங்கள், வடிவத்தையும் விட்டுவிடுங்கள். வேர்ல்ட்கானின் பின்னால் இருக்கிற உலக விஞ்ஞானக் கதைச் சங்கத்துக்கு ஒரு சட்டதிட்டப் புத்தகம் உண்டு. சம்பளத்துக்கு ஆள் கிடையாது, நிரந்தர ஆபீஸ் கிடையாது, ஆனால் சட்டதிட்டம் மட்டும் வக்கீல் எழுதின மாதிரி இருக்கும். அதில் ஒரு விதி: விருது, ஜாக் மெக்நைட்டும் பென் ஜேசனும் வடிவமைத்து பீட்டர் வெஸ்டன் செம்மைப்படுத்திய ராக்கெட்டாகவே தொடர வேண்டும், பீடம் மட்டும் அந்தந்தக் குழுவின் விருப்பம், இந்தப் பெயரையும் வடிவத்தையும் வேறு எந்த விருதுக்கும் நீட்டக் கூடாது. மெக்நைட் பெயர் ஓர் இடத்தில் இருக்கிறது என்றேனே, இதுதான். ஜெயித்தவர் பெயரை எந்த விதியிலும் எழுதவில்லை, செய்தவர்கள் மூவர் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் வட்டத்துக்கு உங்களுடையதாக ஒன்று செய்யுங்கள், அதுதான் அழகு. செய்யப்போகிறீர்கள் என்றால் காசு செலவழிப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன், நான் ஒரு முறை ஒரு சிற்பி நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றது. முதலில் களிமண்ணிலோ மெழுகிலோ ஒரு மூல உரு. அது நன்றாக நிற்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எல்லோரும் முகத்தையும் இறக்கையையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடைசியில் மேஜையை யாராவது இடித்தால் சிலை குப்புற விழுகிறது. கனம் கீழே இருக்க வேண்டும். பிறகு அதன் மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார்கள், அந்த அச்சுக்குள் ரெசின் ஊற்றினால் பிரதி. கலக்கும்போது அவசரமாக அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்ளும், அதுவும் சரியாக மூக்கு நுனியில்தான் போய் உட்காரும், மூக்கில்லாத சிலைதான் வெளியே வரும். நண்பர் இப்படி மூன்று மூக்கை இழந்தார். நான்காவதில் அச்சைச் சாய்த்துப் பிடித்து நூல் மாதிரி ஒல்லியாக ஊற்றினார், மூக்கு வந்தது. ரப்பர் அச்சு எத்தனையோ பிரதி தாங்கும் என்று நினைக்காதீர்கள், ஊற்ற ஊற்ற நுணுக்கம் மழுங்கிக்கொண்டே போகும். அடியில் எண்ணும் வருடமும் செய்தவர் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: லவ்கிராஃப்ட் தலை வைத்த விருது ஒன்று இருந்ததாமே? அதை ஏன் நிறுத்தினார்கள்? ஒரு எழுத்தாளர் தப்பாகப் பேசினார் என்பதற்காகச் சிலையைத் தூக்குவது சரியா? – கோபமாக ஒரு வாசகர்

பதில்: கோபம் வேண்டாம், உட்காருங்கள், இது கொஞ்சம் நீளம்.

1975-ல் அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸ் நகரத்தில் முதல் உலக மாயப்புனைவு மாநாடு நடந்தது. பிராவிடன்ஸ் என்றாலே லவ்கிராஃப்ட், 1890-ல் அங்கே பிறந்து 1937-ல் அங்கேயே இறந்தவர். அமானுஷ்யக் கதையில் அவர் போட்ட விதை எத்தனை பேரிடம் முளைத்திருக்கிறது என்று எண்ணி முடியாது. எனவே அந்த மாநாட்டில் கொடுக்கிற விருதுக்கு அவர் தலை. செய்தது கேயன் வில்சன், பத்திரிகைகளில் பயமுறுத்திச் சிரிக்கவைக்கும் கேலிச்சித்திரக்காரர். சும்மா சாயல் பிடிக்கிற சிற்பமாக அவர் அதைச் செய்யவில்லை. நீண்ட தாடை, முழித்த கண், மூடிய வாய், ஈஸ்டர் தீவில் நிற்கும் கற்சிலைகளுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. அலமாரியில் வைத்தால் அது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். செல்லமாக 'ஹோவர்ட்' என்பார்கள், லவ்கிராஃப்டின் முதல் பெயர். 2004-ல் வாழ்நாள் சாதனைக்காக ஸ்டீஃபன் கிங்கோடு சேர்த்து வில்சனுக்கும் ஹோவர்ட் கொடுத்தார்கள். தான் செய்த தலையைத் தானே கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சிக்கல் என்னவென்றால், லவ்கிராஃப்ட் கறுப்பினத்தவரை மனிதராகவே மதிக்காமல் எழுதியவர். தனிப்பட்ட கடிதத்தில் வாய்தவறி ஒரு வார்த்தை என்று தள்ளிவிட முடியாது, 1912-ல் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார், படித்தால் வயிறு புரளும். 2011-ல் சிறந்த நாவலுக்கான ஹோவர்ட் நெடி ஒகோராஃபோருக்குக் கிடைத்தது. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அந்தக் கவிதை அதற்கப்புறம்தான் அவர் கண்ணில் பட்டது. உன்னை மனுஷியே இல்லை என்ற ஒருவருடைய தலை, உன் எழுத்துக்கான மிகப் பெரிய மரியாதையாக உன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை, உட்கார்ந்து யோசித்து ஒரு கட்டுரை எழுதினார். அதே விருதை வாங்கிய சைனா மியேவில் அவரிடம் சொன்ன வழி எனக்கு மறக்காது: சிலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாராம், அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறாராம். 2014-ல் ஜெயித்த சோஃபியா சமதார் மேடையிலேயே இதைப் பேசினார். அதே வருடம், அதற்குப் பதில் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் தலையை வைக்கலாம் என்று கையெழுத்து இயக்கம் ஒன்றும் நடந்தது. 2015-ல் ஹோவர்ட் போதும் என்று அறிவித்தார்கள். லவ்கிராஃப்டைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்த எஸ்.டி. ஜோஷி கொதித்துப்போய்த் தன்னிடமிருந்த இரண்டு சிலைகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது உங்கள் கேள்வி. லவ்கிராஃப்டின் புத்தகத்தை யாரும் எரிக்கவில்லை, கடையில் கிடைக்கிறது, நானும் படிக்கிறேன், ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். விருதுச் சிலை வேறு. அது கொடுக்கிறவர் வாங்குகிறவரிடம் சொல்கிற ஒரு வார்த்தை. வாங்குகிறவர் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருந்தால் அந்த வார்த்தை சரியாகப் போய்ச் சேரவில்லை. என் கட்சி இதுதான், நீங்கள் ஜோஷி பக்கம் என்றால் தாராளமாக இருங்கள்.

ஒரு வருத்தம் மட்டும் எனக்கும் உண்டு, அது லவ்கிராஃப்டுக்காக இல்லை, வில்சனுக்காக. சிற்பமாகப் பார்த்தால் அது அபூர்வமான வேலை. 2017-ல் வந்த புதிய சிலை வின்சென்ட் வில்லாஃப்ராங்கா செய்தது: முறுக்கிக்கொண்டு வளர்ந்த ஒரு பட்ட மரம், பின்னால் முழு நிலவு. அழகாகத்தான் இருக்கிறது. யாரையும் நோகடிக்காது. ஆனால் அது உங்களை முறைத்துப் பார்ப்பதில்லை.

கேள்வி: ஹ்யூகோவுக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள்? நடுவர் குழு உண்டா?

பதில்: இல்லை. அந்த வருட வேர்ல்ட்கானுக்கு உறுப்பினர் சந்தா கட்டிய யாரும் போடலாம், நேரில் போக வேண்டும் என்றுகூட இல்லை. 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போட வேண்டும், பாதிக்கு மேல் ஒருவருக்கு விழும் வரை கடைசியில் இருப்பவரை நீக்கி அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். பட்டியலில் 'யாருக்கும் வேண்டாம்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதைச் சும்மா அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தோம், 2015-ல் ஒரு கோஷ்டி கூட்டாகச் சேர்ந்து தங்கள் ஆட்களையே இறுதிப் பட்டியலில் நிரப்பிவிட்டது, பார்த்தார்கள் மற்ற ரசிகர்கள், திரண்டு வந்து 5,950 பேர் ஓட்டுப் போட்டார்கள், ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் வேண்டாம்' ஜெயித்தது. ஐந்து ராக்கெட் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

கேள்வி: நீங்கள் தொட்டுப் பார்த்ததுண்டா?

பதில்: இல்லை. படத்தில் பார்த்ததோடு சரி. தொட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், நினைத்ததைவிடக் கனம்.

கேள்வி: இருப்பதிலேயே அபூர்வமான ஹ்யூகோ எது? அப்படியே இன்னொன்று, யாராவது இந்த விருதை வேண்டாம் என்று சொன்னதுண்டா?

பதில்: இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டீர்கள். 1953-ல், மெக்நைட் கடைந்த அந்த முதல் தொகுப்பில், 'முதல் இடத்து ரசிகர்' என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த ஒரு தடவைதான், அதற்குப் பிறகு அந்தப் பெயரில் யாருக்கும் கொடுத்ததில்லை. ஜெயித்தவர் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன், லாஸ் ஏஞ்சலஸ்காரர், விஞ்ஞானக் கதை, பேய்ப்படம் என்று கிடைத்ததையெல்லாம் வீடு நிறைய சேர்த்துவைத்தவர். சேகரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் கைக்கு உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக ஒரு பொருள் வருகிறது.

மேடையேறினார். இது எனக்குச் சேர வேண்டியதில்லை, இங்கிலாந்தில் இருக்கும் கென் ஸ்லேட்டருக்குச் சேர வேண்டியது என்றார். போருக்குப் பிறகு அமெரிக்கப் பத்திரிகைகள் இங்கிலாந்துக்கு வருவதே குதிரைக்கொம்பாக இருந்தபோது, தபாலிலேயே பரிமாற்றம் செய்து அங்கிருந்த வாசகர்களுக்குக் கதை போய்ச் சேரவைத்தவர் ஸ்லேட்டர். சொல்லிவிட்டு அக்கர்மன் ராக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.